மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு குடும்பத்தையும் பார்க்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருட அனுபவம், பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆன்-கால் (ராத்திரி பகல் எப்போது பிரச்சினை வந்தாலும் எழுந்து பார்க்கும் முறை), வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ராத்திரி அலர்ட் வந்தால் குழந்தையும் எழுந்துவிடுகிறது, பகலில் வீட்டில் இருந்தாலும் மனசு வேலையிலேயே கிடக்கிறது, மேனேஜர் ஆகிவிட்டால் சரியாகுமா, இல்லை இந்தத் துறையே குடும்பஸ்தர்களுக்கு ஆகாதா, ஏஐ வந்த பிறகு இதில் இருந்து பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்கிறேன். துறையை விட வேண்டியதில்லை. ஆனால் இப்போது இருக்கிறபடியே இன்னும் ஐந்து வருடம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், வேண்டாம். நான் 23 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மனைவி நர்ஸ். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அங்கே நான் சரியாக நடந்துகொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இந்த மாதிரிக் கேள்விக்கு வருகிற பதில்கள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியே இருக்கும். ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடு, சாப்பிடும்போது போனைத் தொடாதே, வார இறுதியில் எதையும் பார்க்காதே. தப்பில்லை, ஆனால் இந்த வேலையின் குணம் அதில் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்கி வைத்ததும் தோள் காலியாகிவிடும். நாம் ஒரு பக்கை, அதாவது நிரலில் இருக்கும் ஒரு பிழையை, பாதி பிடித்து வைத்திருக்கும்போது லேப்டாப்பை மூடினால் லேப்டாப் மட்டும்தான் மூடும். அந்த லாக் வரி (நிரல் தானாகப் பதிந்துவைக்கும் குறிப்பு), அது ஏன் இரண்டு முறை அச்சாகிறது என்கிற சந்தேகம், அது கூடவே வீட்டுக்கு வந்து, கூடவே சாப்பிட்டு, கூடவே படுத்துக்கொள்ளும். சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோதனை செய்து காட்டி, அதைக் கவன எச்சம் என்றார். அவர் பேசியது ஆபீஸுக்குள் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறுவதைப் பற்றி. அந்த எச்சத்தோடு வீட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நான் என் மகளிடம் பார்த்தேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளியில் அவளுடைய ஆசிரியை ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் யாருக்காவது காது சரியாகக் கேட்காதா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். "உங்கள் மகள் பெரியவர்களிடம் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்கிறாள். முதலில் சாதாரணமாக, அப்புறம் கொஞ்சம் சத்தமாக, முகத்தைப் பார்த்து. காது கேளாத தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள், அதனால்தான் கேட்டேன்" என்றார். அன்று சாயங்காலம் கவனித்தேன். அம்மாவிடம் போய் ஒரு விஷயத்தைச் சொன்னாள், ஒரே தடவை. அதே விஷயத்தை என்னிடம் வந்து சொன்னாள். சொல்லி முடித்து ஒரு நொடி நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு என்று நாம் கோடில் (நிரலில்) எழுதுவோம் இல்லையா, அதை அவள் ஐந்து வயதில் என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த மாதங்களில் நான் தினமும் ஆறரை மணிக்கு வீட்டில் இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரக் கணக்கில் நான் நல்ல அப்பா.

என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். என் வேலையில் தப்பு நடந்தால் ஒரு பில் தப்பாகப் போகும், அவர் வேலையில் தப்பு நடந்தால் உயிர் போகும். ஆனாலும் அவர் வீட்டுக்கு வந்தால் வந்துவிடுவார், களைத்துப்போய் வந்தாலும் முழுசாக வந்துவிடுவார். எப்படி என்று அன்று ராத்திரி கேட்டேன். ஷிஃப்ட் முடியும்போது படுக்கை படுக்கையாகப் போய் அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்போம் என்றார். இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும். நான்கே விஷயம், எப்போதும் இதே வரிசை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. ஒப்படைத்த பிறகு அந்த நோயாளி இன்னொருவர் பொறுப்பு. "எல்லாத்தையும் சொல்லியாச்சுன்னு தலைக்கே தெரியும், அதனால விட்டுடும். உங்க வேலையை நீங்க யாருகிட்ட ஒப்படைக்கிறீங்க?" என்றார்.

பதில் இல்லை. யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அப்போது நான் பார்த்த பில்லிங் சிஸ்டத்தை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். வீட்டில் நிம்மதியாக இருப்பதும் இருக்க முடியாமல் போவதும் பெரும்பாலும் ஆபீஸிலேயே முடிவாகிவிடுகிறது, அதுவும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதைவிட கோடை எப்படி எழுதினோம், எப்படி வெளியிட்டோம், யாருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தோம் என்பதில். டெஸ்ட் எழுதாமல் விட்டது, ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்பும்) வழி இல்லாமல் ரிலீஸ் செய்தது, ஆவணம் எழுதாமல் தலைக்குள் வைத்துக்கொண்டது, எல்லாமே யாரோ ஒருவர் வீட்டு ராத்திரியில் வந்து விடிகிறது.

நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்களில் புதிய கோடைப் போட வேண்டும், ஏழில் போட்டார்கள், எட்டாவது விட்டுப்போனது. போட்டவர் ஒருவர், அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை, சரிபார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட விதியும் இல்லை. எட்டாவது சர்வரில் 2003-லிருந்தே பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய செயல்பாடு அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய கோடுக்காக அதே பழைய ஃபிளாகை (அந்தச் செயல்பாட்டை இயக்கும் சுவிட்சை) மறுபடி எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வர் பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்து, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்தார்கள், அதனால் அவையும் பழைய வேலையைச் செய்யத் தொடங்கின. எல்லோரும் இதை 44 கோடி டாலர் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த எட்டாவது சர்வரை விட்டவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அன்று அவர் வீட்டுக்குப் போய் எப்படி உட்கார்ந்திருப்பார்? இரண்டாவது ஒரு ஆள் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அவருக்கு அந்த நாளே வந்திருக்காது. ரிவ்யூவை வேகத்தடை என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன், அது உங்களைத் தனியாளாக நிற்க விடாமல் காப்பாற்றும் ஏற்பாடு.

இவ்வளவு பெரிய கதையெல்லாம் வேண்டாம், சின்னதாக ஒன்று சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் தினமும் ராத்திரி 2.10-க்கு ஒரு அலர்ட் வரும். டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. யார் ஆன்-காலோ அவர் எழுந்து, லேப்டாப்பைத் திறந்து பார்ப்பார், 2.35-க்கு அதுவே குறைந்துவிடும், மூடிவிட்டுப் படுப்பார். நாங்கள் நான்கு பேர் மாறி மாறி இதைப் பதினோரு மாதம் செய்தோம். அந்த நான்கில் இரண்டு வீட்டில் கைக்குழந்தை. பேக்கப் ஓடும்போது தற்காலிகக் கோப்புகள் நிரம்புகின்றன, பழைய லாக்குகளை அழிக்கும் வேலை பேக்கப்புக்கு அப்புறம் ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இரண்டின் வரிசையை மாற்றினேன். மாற்றி, சோதித்து, ரிலீஸ் செய்ய மொத்தம் நாற்பது நிமிடம். பதினோரு மாதம் ஏன் யாரும் செய்யவில்லை? தானாகவே சரியாகிவிடுவதால் யாரும் டிக்கெட் (சரிசெய்ய வேண்டிய வேலை என்ற பதிவு) போடவில்லை. டிக்கெட் இல்லாததால் அது வேலைக் கணக்கில் வரவில்லை. காலையில் டீம் கூட்டத்தில் "ராத்திரி எப்படி இருந்தது" என்று கேட்டால் "பெரிசா ஒண்ணுமில்லை" என்றுதான் எல்லோரும் சொன்னோம், நானும்தான்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். உங்களுடைய கடைசி மூன்று ஆன்-கால் வாரங்களின் அலர்ட்டுகளை எல்லாம் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே ஒரு கேள்வி: இது வந்தபோது நான் ஏதாவது செய்தேனா, இல்லை பார்த்துவிட்டுப் படுத்தேனா? பார்த்துவிட்டுப் படுத்த அத்தனையும் ராத்திரியில் ஒரு மனிதனை எழுப்பத் தகுதியில்லாதவை. காலையில் மெயிலாக வரட்டும், அல்லது வரவே வேண்டாம். மிச்சம் இருப்பதில் ஒரே காரணத்தால் மறுபடி மறுபடி வந்ததைப் பிரித்தெடுங்கள், அதைச் சரிசெய்வது அடுத்த வாரத்தின் முதல் வேலை, எந்த ஃபீச்சருக்கும் முன்னால். நானறிந்த டீம்களில் இந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு ராத்திரிகள் கண்ணுக்குத் தெரியும்படி அமைதியானதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆள் கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்றால் மூன்று பேர் சுற்று. வருடத்துக்கு 17 வாரம் உங்கள் தலைமாட்டில் போன் இருக்கிறது. இது உங்களுக்குத் தாங்கும் சக்தி போதாததால் வரும் சிக்கல் இல்லை, ஆள் போதாததால் வருவது. கூகுள் தன் எஸ்ஆர்இ (சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும்) குழுக்களுக்கு வைத்திருக்கும் கணக்கை 2016-ல் புத்தகமாகவே வெளியிட்டது. ஒரே இடத்தில் இருக்கும் டீம் வாரச் சுற்றில் முதல் ஆள், துணை ஆள் என்று இருவரை வைத்து ஆன்-கால் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது எட்டு பேர் வேண்டும் என்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் இரண்டு சம்பவத்துக்கு மேல் வந்தால் அது சரியில்லை என்கிறார்கள், ஏனென்றால் ஒரு சம்பவத்தைப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, எழுதி முடிக்க சராசரியாக ஆறு மணி நேரம் ஆகிறது என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கம்பெனி கூகுள் அளவுக்குப் பெரிசில்லை, எட்டு பேர் கிடைக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் மேனேஜரிடம் பேசும்போது "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று ஆரம்பிப்பதைவிட இந்த எண்களோடும், நீங்கள் எழுதிய அந்தத் தாளோடும் ஆரம்பித்தால் பேச்சே வேறு மாதிரி போகும். பக்கத்து டீமோடு சுற்றைச் சேர்க்கலாமா, ராத்திரி ஆதரவு உண்மையிலேயே எல்லா சேவைக்கும் வேண்டுமா, எழுந்த ராத்திரிக்கு மறுநாள் காலை விடுப்பு உண்டா, இதையெல்லாம் கேளுங்கள். மறுநாள் விடுப்பு என்பது சலுகை இல்லை. தூக்கம் இல்லாத ஆள், பயனர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான புரொடக்ஷனைத் தொடுவது எல்லோருக்கும் ஆபத்து.

கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதுதான். ராத்திரி பதினோரு மணி வாக்கில், நெடுநேரம் ஒரு டேட்டாபேஸ் பிரச்சினையோடு மல்லாடிக்கொண்டிருந்த இன்ஜினியர் துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சில நொடியில் தெரிந்து நிறுத்தினார், ஆனால் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எதுவும் ஒழுங்காக இல்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் அந்த ஆளைப் பலிகொடுக்காமல், மீட்கும் வேலையை நேரலையாகவே காட்டி, நடந்ததையெல்லாம் பொதுவில் எழுதினார்கள். அந்த விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் இன்றும் மரியாதை உண்டு.

நம் துறையில் ராத்திரி முழித்து நெருப்பணைத்தவருக்குத்தான் கைதட்டல். எனக்கும் ஒரு முறை கிடைத்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் ஒரு சிஸ்டத்தை மீட்டேன் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்தச் சிஸ்டம் விழுந்ததற்குக் காரணம் நான் அவசரத்தில் விட்டுவிட்ட ஒரு சோதனைதான், அதை அங்கே நான் சொல்லவில்லை. அதே டீமில் ஒரு பெண் இருந்தார். அவர் எழுதிய சேவைகள் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் சின்னச் சின்னதாகப் பிரித்து, காலையில் மட்டும் ரிலீஸ் செய்து, திரும்பப் பெறும் வழியைச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு வேலை குறைவு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது ஒப்படைத்த ஆவணங்களைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாள் நாங்கள் யாரைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

தனியாளாக ஒன்றைச் சுமப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் நூலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) லினக்ஸ் சர்வர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருப்பது. அதைப் பல வருடம் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஒரே ஒருவர். மனநலப் பிரச்சினையால் முன்போல ஓட முடியவில்லை என்று அவரே பொதுவில் எழுதியிருந்தார். முகம் தெரியாத சிலர் ஏன் தாமதம், வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று நெருக்க, உதவிக்கு வந்த ஒருவரிடம் மெல்ல மெல்லப் பொறுப்பு போனது. அப்படி வந்தவர்தான் உள்ளே பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினியர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டப் போய் அதைக் கண்டுபிடித்தார். களைத்துப்போன தனியாள்தான் அங்கே நுழைவாயிலாக ஆனார். அவர்மேல் எனக்கு ஒரு துளி குற்றச்சாட்டும் இல்லை. அவரைத் தனியாக விட்டது அந்த நூலகத்தைப் பயன்படுத்திய நாம் எல்லோரும்தான்.

டெட்லைன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஆன்-காலுக்கு அடுத்து சாயங்காலங்களைத் தின்பது அதுதான். ஃபிரெட் புரூக்ஸ் ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்தியவர், 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. ஐந்து பேர் என்றால் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய இணைப்பு 10, பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது வருடமாகத் தெரிந்த விஷயம், இன்னும் தேதி நெருங்கும்போது ஆளைச் சேர்க்கிறார்கள், இருக்கிற ஆளின் சனிக்கிழமையை எடுத்துக்கொள்கிறார்கள். 2001 பிப்ரவரியில் 17 பேர் கூடி அஜைல் என்ற மென்பொருள் உருவாக்கும் முறைக்கான அறிக்கையை எழுதினார்கள். அதோடு சேர்ந்த பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று, எல்லோரும் காலவரையின்றித் தாங்கக்கூடிய சீரான வேகத்தில் வேலை நடக்க வேண்டும் என்பது. அஜைல் என்ற பெயரில் தினமும் நின்றுகொண்டே கூட்டம் போடுகிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். எஸ்டிமேட் கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். "நான்கிலிருந்து ஏழு நாள், இந்தச் சந்தேகம் தீர்ந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். தேதி மாறாது என்றால், எதை விடலாம் என்று அங்கேயே கேளுங்கள். அங்கே வாய் திறக்காமல் வந்தால் அதை வீட்டில் இருப்பவர்கள் சுமப்பார்கள்.

சரி, இதெல்லாம் ஆபீஸில் மாறும்வரை வீட்டில் என்ன செய்வது?

மனைவியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கோடைத் தொடுவதை நிறுத்திவிட்டு நான்கு வரி எழுதுகிறேன். எங்கே நிற்கிறது, இதுவரை என்ன பார்த்தேன், என்ன சந்தேகப்படுகிறேன், நாளை காலை முதலில் எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும். நான்காவது வரிதான் உயிர். "டைம்அவுட் பிரச்சினையைப் பார்" என்று எழுதினால் தலை விடாது. "கனெக்ஷன் பூலை 20-லிருந்து 5 ஆக்கி அதே டெஸ்டை ஓட்டு, தோற்றால் என் சந்தேகம் சரி" என்று எழுதினால் விட்டுவிடும். முதல் இரண்டு வாரம் இது வெறும் சடங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, வழியெல்லாம் அந்தப் பக்கைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தெரிந்தது. இப்போது என் டீம் முழுக்க ஆன்-கால் மாற்றத்தின்போது இதே நான்கு வரியைத்தான் எழுதி ஒப்படைக்கிறது, அரை மணி நேரம் நேருக்கு நேர் பேசியும்.

ஆன்-கால் வாரத்தை வீட்டுக் காலண்டரிலும் குறியுங்கள். அந்த வாரம் நான் பாதி ஆள்தான், ராத்திரி குழந்தையைப் பார்ப்பது நீ, அடுத்த வாரம் முழுக்க நான் என்று துணையோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் ஒவ்வொரு அலர்ட்டும் ஒரு சண்டை. போனை வேறு அறையில் வைத்துக்கொண்டு நீங்களும் அங்கே படுங்கள், அல்லது கைக்கடிகார அதிர்வுக்கு மாற்றுங்கள். அலர்ட் சத்தத்தை நீங்கள் வீட்டில் வேறு எதற்கும் பயன்படுத்தாத சத்தமாக வைத்துவிட்டு, வாரம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். என் பழைய அலர்ட் சத்தத்தை எங்காவது கேட்டால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

வேலையையும் வீட்டையும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்கரெட் ஹாமில்டன் அப்போலோ விண்கலத்தின் மென்பொருளை எழுதிய காலத்தில் ராத்திரியிலும் வார இறுதியிலும் தன் சின்ன மகளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்தக் குழந்தை சிமுலேட்டரில் பொத்தான்களைத் தட்டி விளையாடும்போது, பறந்துகொண்டிருக்கும் நிலையில் ஏவுதலுக்கு முந்தைய நிரலை அழுத்திவிட, எல்லாம் விழுந்தது. விண்வெளி வீரர் இதைச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று ஹாமில்டன் தடுப்பு ஒன்று போடக் கேட்டார். பயிற்சி பெற்ற வீரர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்துவிட்டது. 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தில் ஜிம் லவெல் சரியாக அதையே அழுத்தினார், வழிகாட்டும் தரவு அழிந்துபோய் பூமியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஒரு குழந்தை தட்டியதை வெறும் தொந்தரவாக ஒதுக்காமல், இது ஏன் விழுந்தது என்று நின்று பார்த்தாரே, அந்தக் கவனம்தான் வீட்டிலும் வேண்டியது.

மேனேஜர் ஆகிவிட்டால் சரியாகுமா? ஆன்-கால் தொல்லையிலிருந்து தப்பிக்க மட்டும் போகாதீர்கள். பக்குக்காவது ஒரு முடிவு உண்டு, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் கசப்புக்கு நான்கு வரி எழுதி வைக்க முடியாது. நான் மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மனிதர்களை வளர்ப்பதில் உண்மையான ஆசை இருந்தால் போங்கள், மேலே சொன்ன விதிகளையெல்லாம் போடும் அதிகாரம் அங்கேதான் கிடைக்கும்.

ஏஐ விஷயத்தில் பயப்படுவதைவிட ஒன்றில் கவனமாக இருங்கள். நானும் தினமும் பயன்படுத்துகிறேன், டெஸ்ட் எழுத, பழைய கோடைப் புரிந்துகொள்ள, அருமையாக உதவுகிறது. ஆனால் வேகமாக இருப்பதாகத் தோன்றுவதும் வேகமாக இருப்பதும் வேறு. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல், தங்கள் திட்டத்தை நன்றாகத் தெரிந்த 16 அனுபவசாலி டெவலப்பர்களை வைத்துப் பார்த்தபோது, அன்றைய ஏஐ கருவிகளோடு அவர்களுக்கு 19 சதவீதம் நேரம் கூடுதலாகவே ஆனது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். கருவிகள் வேகமாக மாறுகின்றன, அந்த எண்ணை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். என் கவலை வேறு. நீங்கள் படித்துப் புரிந்துகொள்ளாத கோடு ராத்திரி 2.10-க்கு விழுந்தால் எழுப்பப்படுவது நீங்கள்தான். ஏஐ எழுதியதையும் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் எழுதியது போல வரி வரியாக ரிவ்யூ செய்யுங்கள், விளக்க முடியாத எதையும் உள்ளே விடாதீர்கள். கோடைத் தட்டுகிறவருக்குத் தேவை குறையலாம், எது எங்கே ஏன் விழும் என்று தெரிந்தவருக்கான தேவை குறைவதாக எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு இப்போது பதினாறு. இரண்டு தடவை சொல்லும் பழக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்று மட்டும் மனைவி சொல்வார். உங்கள் குழந்தைக்கு இரண்டு வயது, இப்போதுதான் வாக்கியமாகப் பேச ஆரம்பிக்கும்.

அலர்ட் கணக்கோடு மேனேஜரிடம் பேசியும் மூன்று மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால் கம்பெனியை மாற்றுங்கள், துறையை வேண்டாம். இன்டர்வியூவில் கடைசியாக நீங்கள் கேள்வி கேட்கும் நேரம் வரும்போது மூன்றைக் கேளுங்கள். போன மாதம் ராத்திரியில் ஆன்-கால் ஆளை எத்தனை தடவை எழுப்பினீர்கள்? கடைசியாகப் பெரிதாக விழுந்தபோது அதற்கு அப்புறம் எதை மாற்றினீர்கள்? இந்த டீமில் யாராவது இரண்டு வாரம் விடுப்பில் போனால் எந்த வேலை நிற்கும்? முதல் கேள்விக்கு எண் வர வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வந்தால் அங்கே போகாதீர்கள். மூன்றாவதற்கு எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே "நான்தான்" என்று சொன்னால் அவரிடம் அவர் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், மிச்சம் உங்களுக்கே தெரிந்துவிடும்.